பிள்ளை வரமும் மனச்சாட்சியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வில் வைத்தியர் ஒருவர், நம் பழைய மாணவி, ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்களின் உடல்நலம் பற்றி ஏதாவது பேசுங்கள் டொக்டர் என்றுதான் செயலாளர் என்னிடம் கேட்டார். இரத்தச்சோகை, மார்பகப் புற்றுநோய் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். பிள்ளையில்லாதவர்களுக்குச் செய்யும் சிகிச்சை பற்றியும், அந்தச் சிகிச்சையிலிருந்து கிளைத்த முளைய ஆராய்ச்சி பற்றியும் கிறிஸ்தவ ஒழுக்கம் என்ன சொல்கிறது என்று பேசலாமா என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "முன் வரிசையில் சிஸ்டர்மார் இருப்பார்கள், பரவாயில்லையா?" என்றார். அவர்கள் இருப்பார்கள் என்பதால்தான் கேட்கிறேன் என்றேன்.

நாங்கள் படித்த காலத்தில் சமய பாட வேளை வந்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு பக்கம் போவோம், சைவப் பிள்ளைகள் மறுபக்கம் போவார்கள். மணி அடித்ததும் திரும்பி வந்து ஒன்றாக இருந்து கணக்குச் செய்வோம். மற்றவளுக்கு அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒருத்தியும் ஒருத்தியைக் கேட்டதில்லை. இன்று வெள்ளவத்தையில் நான் நோயாளரைப் பார்க்கும் அறைக்கு அந்த இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருகிறார்கள், விடுமுறையில் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிறார்கள். அதனால் இன்று எல்லோரும் ஒரே அறையில் இருந்து கேட்கும் சமய பாடம் என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் மகப்பேற்றுத் துறையில் வேலை செய்பவள். ஐ.வி.எஃப். சிகிச்சையை நான் செய்வதில்லை. அதற்குப் போகுமுன் ஆலோசனை கேட்பவர்களையும், போய்த் திரும்பியவர்களையும் பார்க்கிறேன். கத்தோலிக்கப் பெண்தான், ஆனால் திருச்சபைக்காகப் பேசும் உத்தியோகம் எனக்கு யாரும் தரவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே முழந்தாளில் நிற்கும் பெண்களில் எத்தனை பேர் கிறிஸ்தவர்கள் என்று எண்ணிப் பார்க்க முடியாது. பொட்டு வைத்தவர்களும் நிற்பார்கள், முக்காடு போட்டவர்களும் நிற்பார்கள். பிள்ளை வரம் கேட்க வந்தவர்களை அவர்களின் முகத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். எங்கள் சமூகத்தில் கலியாணமாகி இரண்டு வருடம் போனால் "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று கேட்காதவர் இல்லை. ஐந்து வருடம் போனால் கேட்பதை நிறுத்திவிடுவார்கள், அது இன்னும் கொடுமை. மலடி என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். அதற்கு ஆண்பால் சொல் ஒன்றைத் தேடினால், அகராதியில் இருக்கலாம், வாயில் வருவதில்லை.

இதைத்தான் முதலில் சொல்லவேண்டும். பிள்ளைப்பேறின்மையில் ஏறத்தாழப் பாதியில் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பிரச்சினையை எதிர்கொள்கிறார். ஆனாலும் என்னிடம் வருபவர்களில் மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்து, கர்ப்பப்பைக்குள் கமராவும் விட்டுப் பார்த்த பிறகும், கணவர் ஒரு விந்துப் பரிசோதனைக்குக்கூடப் போகாமல் இருப்பார். மாமியார் மருமகளைக் கூட்டிக்கொண்டு வருவார், மகன் கார் நிறுத்த இடமில்லை என்று காலி வீதியிலேயே நிற்பார். தைரொயிட் சுரப்பைச் சரிசெய்வது, அடைபட்ட பலோப்பியன் குழாயைத் திறப்பது, முட்டை வெளிவர மருந்து கொடுப்பது, விந்து குறைவுக்குக் காரணம் தேடுவது, இவை எதையும் எந்தத் திருச்சபையும் தடுக்கவில்லை. உடலின் குறையை நீக்கித் தம்பதிகளின் உறவிலேயே பிள்ளை உண்டாக உதவுவதைக் கத்தோலிக்கப் போதனை வெளிப்படையாகவே வரவேற்கிறது. இவற்றையெல்லாம் தாண்டி நேரே சென்னைக்கு விமானம் ஏறுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனவருத்தமாக இருக்கும்.

வேதாகமத்தைத் திறந்தால் பிள்ளையில்லாத பெண்களின் கண்ணீர் எத்தனை பக்கத்தில் நனைந்திருக்கிறது! சாரா, ராகேல், அன்னா, எலிசபெத்து. இதில் அன்னாவின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அவள் ஆலயத்தில் வாய் அசைய, சத்தம் வராமல் அழுது செபிக்கிறாள். குருவானவர் ஏலி அதைப் பார்த்துவிட்டு, இவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறார். அவள் விளக்கம் சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிகிறது. குருமார் இந்தக் கதையை அடிக்கடி வாசிக்கவேண்டும் என்பது என் தாழ்மையான விண்ணப்பம். சாராவின் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. அவள் தன் பணிப்பெண் ஆகாரைக் கணவனிடம் அனுப்பி, அவள் மூலம் பிள்ளை பெற நினைக்கிறாள். ஆகார் கருவுற்றதும் அவளையே கொடுமைப்படுத்துகிறாள். கர்ப்பிணி வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். தூதர் தேடிப்போனது சாராவை அல்ல, அந்தப் பணிப்பெண்ணைத்தான். இதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சிகிச்சை. பாடசாலை உயிரியலில் கருக்கட்டல், முளையம் என்று படித்தோமே, அந்தச் சொற்களே போதும். பெண்ணுக்கு ஏறக்குறைய பத்து நாள் ஹோர்மோன் ஊசி போட்டு, வழக்கமாக மாதம் ஒன்று முதிரும் முட்டையைப் பத்து, பன்னிரண்டாக முதிரவைப்பார்கள். அவற்றை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆய்வுகூடத்தில் கணவரின் விந்தோடு சேர்ப்பார்கள். ஐந்தாம் நாளில் முளையம் நூறு, இருநூறு கலங்கள் கொண்ட ஒரு சிறு பந்தாக இருக்கும். நல்லதாகத் தெரியும் ஒன்றையோ இரண்டையோ கர்ப்பப்பையில் வைப்பார்கள். மிச்சத்தைத் திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிரில் வைத்துவிடுவார்கள். இளம் பெண்களிலும்கூடப் பாதிக்கு மேற்பட்ட முயற்சிகள் குழந்தையில் முடிவதில்லை. அதனால்தான் மிச்சம் வைக்கிறார்கள். இன்னொரு முறை ஊசியும் செலவும் இல்லாமல் முயலலாம் அல்லவா? வைத்திய நோக்கில் அது நியாயம். ஒழுக்கக் கேள்வி எழுவதும் அந்த மிச்சத்திலேதான்.

இந்த வழியில் பிறந்த முதல் குழந்தை லூயிஸ் பிரவுண். இங்கிலாந்தில் 1978 ஜூலை 25 ஆம் திகதி பிறந்தாள். அதற்குச் சரியாகப் பத்து வருடத்துக்கு முன், 1968 ஜூலை 25 ஆம் திகதியிட்டுத்தான் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய 'ஹுமானே வித்தே' மடலை எழுதியிருந்தார். தாம்பத்திய உறவையும் பிள்ளைப்பேற்றையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கக்கூடாது என்பது அந்த மடலின் அடிப்படை. உறவு இருந்து பிள்ளை வேண்டாம் என்பதற்கு அன்று மறுப்புச் சொன்னார்கள். பத்து வருடத்தில் உறவு இல்லாமலே பிள்ளை வந்து நின்றது.

லூயிஸ் பிறந்த சில நாட்களில் வெனிஸ் நகரின் கர்தினால் அல்பினோ லூசியானியிடம் ஒரு பத்திரிகை கருத்துக் கேட்டது. இந்த முறை சரியென்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை, ஆனால் அந்தப் பெற்றோரைக் கண்டிக்க எனக்கு உரிமையில்லை, குழந்தைக்கு என் வாழ்த்து என்ற கருத்துப்படச் சொன்னார். சில வாரங்களில் அவரே பாப்பரசர் முதலாம் அருளப்பர் சின்னப்பர் ஆனார். 33 நாளில் காலமானார். அந்தப் பதிலில் இருந்த இரண்டு பாதிகளும் எனக்கு முக்கியம். முறையைப் பற்றிய தீர்ப்பு வேறு, மனிதரைப் பற்றிய தீர்ப்பு வேறு என்று அவர் பிரித்தார்.

அதே 1978 இல் ஒக்ரோபர் 3 ஆம் திகதி கொல்கத்தாவில் இன்னொரு பெண் குழந்தை பிறந்தது. டொக்டர் சுபாஷ் முகர்ஜி மிகச் சாதாரணமான உபகரணங்களோடு, முளையத்தை உறையவைத்துப் பாதுகாத்து அந்தப் பிறப்பைச் சாத்தியமாக்கினார். அரசு நியமித்த குழு அவரை நம்பவில்லை. அவமானம் தாங்காமல் 1981 இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பல வருடங்களின் பின்புதான் அவருடைய குறிப்புகளைப் படித்தவர்கள் அவர் சொன்னது உண்மை என்று ஏற்றார்கள். நம் அயலிலே நடந்த கதை என்பதால் சொல்கிறேன். நாங்கள் லூயிஸ் பிரவுணை மட்டும் படித்தோம்.

கத்தோலிக்கத் திருச்சபை இதுபற்றி முழுமையாகப் பேசியது 1987 இல், 'தோனும் வித்தே' என்ற போதனையில். 2008 இல் 'திஞ்ஞித்தாஸ் பெர்சோனே' அதைப் புதுப்பித்தது. சுருக்கினால் இரண்டு மறுப்பு. ஒன்று, பிள்ளை பெற்றோரின் உடலன்பில் உண்டாகவேண்டியது, ஆய்வுகூடத்தில் உற்பத்தியாகும் பொருளாக ஆகக்கூடாது. மற்றது, முளையம் கருக்கட்டிய நேரத்திலிருந்தே ஓர் ஆளைப்போல மதிக்கப்படவேண்டியது, அதைத் தெரிவதும் எறிவதும் உறையவைப்பதும் தவறு.

உண்மையைச் சொன்னால் முதல் காரணத்தைத் தம்பதிகளுக்கு விளங்கவைப்பது கடினம். பன்னிரண்டு வருடம் ஒருவரை ஒருவர் தாங்கி, தாலிக்கொடியையும் அடகு வைத்துச் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் இதில் அன்பு குறைவு என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. இரண்டாவது காரணம் அப்படியல்ல. அதைச் சொன்னதும் அவர்கள் அமைதியாகிவிடுவார்கள். சைவப் பெண்களும்தான்.

மற்றத் திருச்சபைகள் ஒரே குரலில் பேசவில்லை. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் பலர் கணவன் மனைவிக்குள் நடக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையை ஏற்கிறார்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் தொடக்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. பிரித்தானியாவில் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் முளைய ஆராய்ச்சிக்குப் 14 நாள் எல்லை வைத்தபோது, உடற்றொழிலியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவரான யோர்க் பேராயர் ஜோன் ஹப்கூட் பிரபுக்கள் சபையில் அதை ஆதரித்தார். 14 நாள் வரை ஒரு முளையம் இரட்டையாகப் பிரியலாம், முதுகெலும்பின் முதற்கோடு அதற்குப் பிறகுதான் தெரியும், ஆகவே அதற்கு முன் அங்கே ஓர் ஆள் இருப்பதாகச் சொல்லமுடியாது என்பது அந்தப் பக்கத்தின் வாதம். கருக்கட்டிய முட்டைகளில் கணிசமானவை இயற்கையிலேயே நிலைக்காமல் போகின்றன என்றும் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் நம் பாட்டிமாரின் காலத்தில் பிறந்த குழந்தைகளிலும் பல நிலைக்கவில்லை. அதனால் அவை குழந்தைகள் இல்லை என்று யாரும் சொல்லவில்லையே. 14 நாள் என்ற கோடு வசதியான கோடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மறுபக்கத்தில், 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் அலபாமா உயர் நீதிமன்றம் உறைந்த முளையங்களும் சட்டப்படி பிள்ளைகள் என்று தீர்ப்பளித்தபோது, சிகிச்சை நிலையங்கள் பயத்தில் கதவை மூடின. பாதிச் சிகிச்சையில் இருந்த பெண்கள் தெருவில் நின்றார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது சட்டத்தால் மட்டும் இதைத் தீர்க்கமுடியாது என்று பட்டது.

நம் நாட்டில் நிலைமை எதிர்மாறு. இலங்கை மருத்துவ சபை 2005 இல் ஒரு தற்காலிக ஒழுக்கக்கோவையை வெளியிட்டது. இந்தியாவில் 2021 இல் வந்ததுபோல ஒரு முழுமையான சட்டம் இங்கே இல்லை. கருக்கலைப்பைப் பற்றி 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை கண்டிப்பாகப் பேசுகிறது. ஆய்வுகூடத்துக் குளிரில் இருக்கும் முளையத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே எத்தனை முட்டையைக் கருக்கட்டுவது, மிச்சத்தை என்ன செய்வது என்பதெல்லாம் ஒரு படிவத்தில் முடிகிறது. அந்தப் படிவத்தை வாசித்துக் கையெழுத்திட்டவர்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். காசு கட்டிய பதற்றத்தில், தாதி காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார்கள்.

அந்தக் கையெழுத்தின் கனம் எப்போது தெரியும் என்பதற்கு ஒரு சம்பவம். லண்டனில் வாழும் நம் பழைய மாணவி ஒருத்தி, பெயர் அடையாளம் ஒன்றும் இல்லாமல் சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறாள், இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு வட்ஸ்அப்பில் எழுதினாள். ஐ.வி.எஃப். மூலம் அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் பாடசாலை போகிறார்கள். மூன்று முளையங்கள் மிச்சம். பிரித்தானியாவில் 2022 இலிருந்து, பத்து வருடத்துக்கு ஒருமுறை சம்மதத்தைப் புதுப்பித்து 55 வருடம் வரை அவற்றை வைத்திருக்கலாம். வைத்திருக்க ஒவ்வொரு வருடமும் கட்டணம். கட்டணக் கடிதத்தோடு படிவம் ஒன்றும் வந்தது. தொடர்ந்து வைத்திருக்கவா, உருகி அழிய விடவா, வேறொரு தம்பதிக்குக் கொடுக்கவா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கவா? நான்கு கட்டங்கள், ஒன்றில் புள்ளடி போடவேண்டும். "மேசையில் பிள்ளைகள் இருவரும் வீட்டுப்பாடம் செய்கிறார்கள், அதே மேசையில் இந்தப் படிவம் கிடக்கிறது. சுவாமியிடம் கேட்கப் பயமாயிருக்கிறது, அதனால் உன்னிடம் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தாள்.

அவளுக்கு என்ன சொல்வது? அப்போது அவளுக்கு 44 வயது, இரத்த அழுத்தம் வேறு. மூன்றையும் தானே சுமப்பது ஆபத்து. வேறொரு தம்பதிக்குக் கொடுப்பதைத் திருச்சபை நல்ல எண்ணம் என்று பாராட்டினாலும், அதிலும் சிக்கல்கள் உண்டென்று தயங்குகிறது. ஆராய்ச்சிக்கு இல்லை என்பது தெளிவு. கைவிடப்பட்ட ஆயிரக்கணக்கான முளையங்களின் நிலை தீர்க்கமுடியாத ஓர் அநீதி என்று 2008 ஆம் ஆண்டு ஆவணம் ஒப்புக்கொள்கிறது. பெரிய பெரிய இறையியலாளர்களே வழி தெரியாது என்று நின்ற இடத்தில் ஒரு தாய் தனியாக நிற்கிறாள். நாங்கள் இருவரும் பல இரவு பேசினோம். அங்குள்ள ஒரு குருவானவரிடம் அவள் கடைசியில் போனாள். அவர் ஏலியைப் போல அதட்டவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். அவள் இந்த வருடமும் கட்டணம் கட்டியிருக்கிறாள்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை என் அறைக்கு வரும் ஒவ்வொரு தம்பதிக்கும் இப்போது சொல்கிறேன். கேள்வி கேட்கவேண்டிய நேரம் முதல் ஊசிக்கு முன். எத்தனை முட்டையைக் கருக்கட்டப்போகிறீர்கள் என்று கேளுங்கள். வைக்கப்போகும் எண்ணிக்கைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதை எழுதிக் கொடுங்கள். இது நடக்கமுடியாத காரியம் என்று சொன்னால் நம்பாதீர்கள். ஜேர்மனியின் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் இயங்கத் தொடங்கியது. இத்தாலி 2004 இல் மூன்று முளையத்துக்கு மேல் ஆக்கக்கூடாது, உறையவைக்கவும் கூடாது என்றது. ஆனால் இளம் பெண்ணுக்கும் மூன்றையும் ஒன்றாக வைக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது பெரும் பிழை, மூன்று பிள்ளைகளை ஒரே சூலில் சுமப்பது தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து. 2009 இல் அவர்களின் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. எனினும் அந்தச் சட்டத்தால் ஒரு நன்மை விளைந்தது. முளையத்துக்குப் பதிலாகக் கருக்கட்டாத முட்டையை உறையவைக்கும் நுட்பத்தை இத்தாலிய வைத்தியர்கள் நன்றாக வளர்த்தார்கள். முட்டை வெறும் முட்டைதான், அதை எறிந்தால் யாருடைய மனச்சாட்சியும் உறுத்தாது. செலவு கூடும், வெற்றி வாய்ப்புச் சற்றுக் குறையலாம். முதல் மறுப்பை இது தீர்க்காது, கத்தோலிக்கப் போதனை இதையும் ஏற்கவில்லை, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் போகத்தான் போகிறோம் என்று முடிவெடுத்த தம்பதி பத்து முளையங்களைக் குளிரில் விட்டு வருவதும் ஒன்றையும் விடாமல் வருவதும் ஒன்றல்ல.

ஆராய்ச்சி என்ற கட்டத்தில் புள்ளடி போட்டால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஜேம்ஸ் தொம்சன் 1998 இல் செய்ததுதான் அது. பெற்றோர் சம்மதத்தோடு கொடுத்த மிச்ச முளையங்களின் உட்பகுதிக் கலங்களைப் பிரித்து வளர்த்தார். அவை குருத்துக்கலங்கள், அதாவது ஸ்டெம் செல். இதயமாகவோ நரம்பாகவோ, உடலின் எந்த உறுப்பாகவும் மாறக்கூடியவை. எடுத்ததும் முளையம் இறந்துவிடும். எப்படியும் அழியப்போவதுதானே, நாலு நோயாளிக்கு உதவட்டுமே என்பது நம் ஊருக்குப் பழக்கமான நியாயம். ஹட்சன் சில்வா அவர்களின் கண்தான இயக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், கொடுப்பது நமக்கு இயல்பு. ஆனால் கண்தானத்தில் கொடுப்பவர் தன் கண்ணைத் தானே கொடுக்கிறார், அதுவும் இறந்த பிறகு. இங்கே அப்படியில்லை.

2006 இல் ஜப்பானியர் ஷின்யா யமனாக்கா எலியின் தோல் கலத்தையே குருத்துக்கலம்போல மாற்றிக் காட்டினார், மறுவருடம் மனிதக் கலத்திலும் செய்தார், 2012 இல் நோபல் பரிசு பெற்றார். நண்பர் ஒருவரின் சிகிச்சை நிலையத்தில் நுணுக்குக்காட்டியில் ஒரு முளையத்தைப் பார்த்தபோது, இதற்கும் என் மகள்மாருக்கும் எவ்வளவு சிறிய வித்தியாசம் என்று தோன்றியதாகவும், வேறு வழி தேடத் தூண்டியது அதுதான் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அவர் போதனை ஆவணம் எதையும் படித்து அதைச் சொல்லவில்லை.

அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று மேடைகளில் சொல்வார்கள். தீரவில்லை. 2025 இல் வெளியான ஓர் ஆய்வில், முளையக் குருத்துக்கலத்திலிருந்து வளர்த்த இன்சுலின் சுரக்கும் கலங்களை முதலாம் வகை நீரிழிவு நோயாளர் 12 பேருக்குச் செலுத்தினார்கள். ஒரு வருடத்தின் பின் 10 பேருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. நீரிழிவு இல்லாத தமிழ் வீடு கொழும்பில் எங்கே இருக்கிறது? நாளை இந்த மருந்து இங்கே வந்து, உங்கள் பேரப்பிள்ளைக்கு வேண்டியிருந்தால் வாங்குவீர்களா?

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல, தெரியாமலே ஒருமுறை பதில் சொல்லிவிட்டோம். 1996 இல் இலங்கையில் பெண்களுக்கு ருபெல்லா, அதாவது ஜேர்மன் சின்னமுத்துத் தடுப்பூசி அறிமுகமானது. என் வயதுக்காரிகளுக்குக் கையில் போட்ட ஊசி ஞாபகம் இருக்கும். அந்தத் தடுப்பூசி வைரசு வளர்க்கப்பட்டது 1960களில் கருக்கலைப்புச் செய்யப்பட்ட சிசுவிலிருந்து எடுத்த கல வரிசையில். அதே ஊசிதான் கர்ப்பிணிகளின் வயிற்றுப் பிள்ளைகளைக் குருடும் செவிடும் ஆகாமல் காத்தது. வத்திக்கானின் வாழ்வுக்கான கழகம் 2005 இல் இதை ஆராய்ந்து, வேறு தடுப்பூசி இல்லாதபோது பெற்றோர் இதைப் பயன்படுத்தலாம், ஆனால் மாற்று வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்றது. 2020 இல் கொரோனாத் தடுப்பூசிக்கும் ஏறத்தாழ அதே பதில். தூரத்தில் நடந்த தவறின் பலனை ஏற்பதும் அந்தத் தவறைச் செய்வதும் வேறு என்பது அதன் சாரம். நீரிழிவு மருந்துக்கு இதே பதில் பொருந்துமா என்பது திறந்த கேள்வி. பொருந்தும் என்று உடனே சொல்ல நான் தயாரில்லை, புதிய முளையங்களுக்கு அது சந்தை உண்டாக்கும் என்ற பயம் எனக்கு.

குருத்துக்கலம் என்றாலே பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையும் குருத்துக்கலச் சிகிச்சைதான், கொடுப்பவர் உயிரோடு, சம்மதத்தோடு கொடுக்கிறார், திருச்சபைகள் எல்லாம் அதை வாழ்த்துகின்றன. குருநாகலில் இரத்தம் ஏற்ற வரும் தலசீமியாப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பத்திரிகை விளம்பரத்தில் வரும் "ஸ்டெம் செல் மூலம் முழங்கால் வலி, பக்கவாதம், ஓட்டிசம் எல்லாவற்றுக்கும் தீர்வு" என்பதை நம்பிக் காணி விற்காதீர்கள். நிரூபிக்கப்படாத இத்தகைய சிகிச்சையை ஆய்வுக்கு வெளியே விற்பது ஒழுக்கமீறல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டலே சொல்கிறது.

ஆகாரிடம் திரும்பி வருகிறேன் என்று சொன்னேன். தமிழ்நாட்டில் ஈரோட்டில் 2022 இல் வெளிவந்த வழக்கு அவளுடைய கதைதான். 16 வயதுச் சிறுமி ஒருத்தியைப் போலி ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டி, மீண்டும் மீண்டும் முட்டை கொடுக்கவைத்திருக்கிறார்கள். கைதானவர்களில் பெற்ற தாயும் ஒருத்தி. இந்தியச் சட்டம் முட்டை கொடுப்பவளுக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரு தடவை, ஏழு முட்டைக்கு மேல் இல்லை என்று சொல்கிறது. சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்துவிட்டது. கொடை முட்டைக்காகச் சென்னைக்கும் வேறு ஊர்களுக்கும் போகும் நம்மவர்கள், அந்த முட்டை யாருடையது, அவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. நிறம் வெள்ளையா என்று கேட்கிறார்கள். மூன்றாம் ஆள் வேண்டாம் என்று திருச்சபை சொல்லும்போது தாலியின் புனிதத்தைப் பற்றி மட்டும் பேசுவதாக நினைக்கிறோம். அது அந்தச் சிறுமியைப் பற்றியும் பேசுகிறது.

தத்தெடுக்கலாமே என்று சுலபமாகச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தத்தெடுத்தல் மேன்மையான காரியம், நான் பல தம்பதிகளுக்கு நன்னடத்தைத் திணைக்களத்தின் வழியைக் காட்டியிருக்கிறேன். ஆனால் 1980களில் இந்த நாட்டிலிருந்து குழந்தைகளை விலைக்கு வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பியதும் தத்தெடுத்தல் என்ற பெயரில்தான். அந்தப் பிள்ளைகள் இன்று நெதர்லாந்திலிருந்து வந்து தாயைத் தேடுகிறார்கள். எந்த வழியிலும் ஒரு ஏழைப் பெண் மறைவில் நிற்கக்கூடும், பார்த்துப் போகவேண்டும். பிள்ளையில்லாமலே நிறைவாக வாழ்ந்தவர்களும் உண்டு. முன் வரிசையில் இருக்கும் சிஸ்டர்மாரைக் குறிப்பிடவில்லை, எங்களுக்கு இரசாயனம் படிப்பித்த ரீச்சரையும் அவருடைய கணவரையும் நினைக்கிறேன்.

ஐ.வி.எஃப். மூலம் பிறந்த பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுப்பார்களா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்பவர்கள் உண்டு. கொடுப்பார்கள். எப்படி உண்டானாலும் பிள்ளை இறைவனின் கொடையே என்று 1987 ஆம் ஆண்டுப் போதனையே சொல்கிறது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று இந்தப் பாடசாலையில் படிக்கிறார்கள், எவள் என்று யாருக்கும் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

நம் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. சிகிச்சைக்குப் போகுமுன் கேட்கவேண்டிய கேள்விகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தர நான் ஆயத்தம். அச்சிட்டு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொடுக்கலாம், வெளிநாட்டுக் கிளைகளுக்கும் அனுப்பலாம். வைத்தியர்கள், வழக்கறிஞர்கள், அருட்சகோதரிகள், சைவ சமய பாடம் படிப்பித்த ரீச்சர்மார் எல்லோரும் அதைத் திருத்திக் கொடுங்கள். செயலாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். மேடையில் கேட்கக் கூச்சமான கேள்வி இருந்தால், தேநீர் வேளையில் மண்டபத்தின் பின்பக்கம், பழைய ஆய்வுகூடப் படிக்கட்டில் இருப்பேன்.